இல்லாத நாய்க்கு மருந்து

அத்தியாயம் 3

செத்திருக்க வேண்டியவை சாகவில்லை. புகாரே அதுதான்.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். தட்டையான பிளாஸ்டிக் குடுவையின் அடியில் செல்கள் தோளோடு தோள் ஒட்டி, ஊசி நுழைய இடமில்லாமல், கல் பாவிய தரைபோலப் பரவிக் கிடந்தன.

"என்ன அண்ணி தெரியுது?" என்று பின்னாலிருந்து கொழுந்தன் கேட்டான்.

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க."

"பொணம் விழுந்திருக்குன்னு கூப்பிடுவாங்க, போயிருக்கோம். பொணம் விழலையேன்னு கூப்பிட்டது இதுதான் முதல் தடவை."

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகுகாலம் ஆகியும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. கொழுந்தன் அவருடைய கணவரின் தம்பி. பார்த்த வேலைகளிலெல்லாம் வாயால் கெட்டு, கடைசியில் அண்ணிக்குக் கார் ஓட்ட வந்தவன். கார் ஓட்டுவதோடு ஆள் தேடுவான், பின்தொடர்வான், தேவைப்பட்டால் பொய் சொல்வான். தேவைப்படாவிட்டாலும் சொல்வான்.

அன்று காலை அவர்களை அழைத்தவர் அந்தத் தடுப்பூசி ஆய்வகத்தின் இயக்குநர். நரைத்த தாடியைச் சீராகக் கத்தரித்திருந்தார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அவர் சொல்வது காதில் விழவேண்டுமென்று எல்லோரும் தாமாகவே அவரிடம் நெருங்கி வருவார்கள். வக்கீலம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இது ஃப்ளூ வைரஸ் வளர்க்கற அறை," என்றார் இயக்குநர். "வைரஸ் சும்மா வளராது. உயிரோட இருக்கற செல்லுக்குள்ள புகுந்துதான் பெருகும். பெருகினதை எடுத்து, மருந்து போட்டுக் கொன்னு, அதுலேருந்து தடுப்பூசி செய்யறோம். நல்லா வளர்ந்தா இந்தச் செல்லெல்லாம் உருண்டு, தரையை விட்டுக் கழண்டு மிதக்கணும். ஒரு மாசமா ஒண்ணுகூட மிதக்கலை."

"வைரஸே செத்துப் போயிருந்தா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதே குப்பியிலேருந்து எடுத்து வேற செல்லுல நானே போட்டுப் பார்த்தேன். ஜோரா வளருது."

"அப்ப கோளாறு இந்தச் செல்லுங்கள்ல."

"செல்லுங்கள்லயும் இல்லை. யாரோ இதுங்களை எச்சரிச்சிருக்காங்க."

கொழுந்தன் குடுவையை மரியாதையோடு பார்த்தான். "இதுங்களுக்குக் காது வேற இருக்கா சார்?"

"ஒரு மாதிரி இருக்கு. ஒரு செல்லுக்குள்ள வைரஸ் நுழைஞ்சா, அது சாகறதுக்கு முன்னாடி ஒரு சேதி அனுப்பும். இன்டர்ஃபெரான்னு பேர். பக்கத்துச் செல்லுக்கு அது போய்ச் சேர்ந்ததும், அந்தச் செல் உஷாராகிக் கதவைச் சாத்திக்கும். அப்புறம் வைரஸ் அங்கே பெருக முடியாது."

"பக்கத்து வீட்டுல திருடன்னு சத்தம் கேட்டா நம்ம வீட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படுத்துக்கற மாதிரி."

"அதேதான். இங்கே திருடன் வர்றதுக்கு முன்னாடியே யாரோ சத்தம் போட்டிருக்காங்க. செல்லுக்குச் சாப்பாடா ஊத்தற மீடியத்துல இன்டர்ஃபெரானைக் கலந்திருக்காங்க. எப்படின்னுதான் புரியலை. இது நாயோட சிறுநீரகத்துலேருந்து வந்த செல். இதுக்கு நாயோட சேதிதான் புரியும். எங்க ஃப்ரீசர்ல இருக்கறது மனுஷனோடது. அதை ஊத்தினா இதுங்க திரும்பிக்கூடப் பார்க்காது. என் கையெழுத்து இல்லாம இங்கே பஞ்சுகூட வாங்க முடியாது. நாயோடதை நான் வாங்கினதே இல்லை."

"போலீஸ்கிட்ட போகலையா?"

"போலீஸ் வந்தா பின்னாடியே பத்திரிகை வரும். எனக்குப் பேர் மட்டும் போதும். ஏன் எதுக்குன்னு நீங்க சிரமப்பட வேண்டாம்."

வக்கீலம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி உள்ளே வந்தார். சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரிட்டைக் கையில் அடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கொழுந்தன் பக்கத்திலிருந்த குடுவையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்தார்.

"இவங்கதான் செல் வளர்ப்புப் பிரிவுத் தலைவி," என்றார் இயக்குநர். "நிஜப் பேர் எனக்கே மறந்து போச்சு. செல்லைப் பார்த்துக்கறதால எல்லாருக்கும் செல்லம்மா. இந்த விஷயத்துல ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க."

செல்லம்மாவுக்கு இரண்டு முனைவர் பட்டங்களும் ஒரு முன்கோபமும் இருப்பதாக வாசலிலேயே காவலாளி எச்சரித்திருந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நெருங்கி நிக்காதீங்க," என்றார் செல்லம்மா கொழுந்தனிடம். "மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க."

அவன் ஏற்றிக்கொண்டான். சும்மா இருக்க முடியாமல், கதவோரக் கொக்கியில் தொங்கிய நீளமான கோட்டைக் காட்டினான். "இது யாருது? இதைப் போடறவர் பல்பு மாத்த ஸ்டூல் தேட மாட்டார் போல."

செல்லம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு இன்குபேட்டரின் கதவைத் திறந்தார்.

"எங்க நெட்டையன்," என்றார் இயக்குநர். "போன மாசம் தவறிட்டான். சாதாரணக் காய்ச்சல்தான். நெஞ்சுல இறங்கிடுச்சு."

இன்குபேட்டரின் கதவு தேவைக்கு அதிகமாகவே சத்தத்தோடு மூடிக்கொண்டது.

*

கார் ஆய்வகத்தின் கேட்டைத் தாண்டியதும் கொழுந்தன், "எங்கே போகணும்?" என்றான்.

"நாயோட சேதி நாய்க்குத்தானே புரியும். அப்ப நாய்க்கு வைத்தியம் பார்க்கற இடத்துல இருக்கணும் இல்லையா?"

"ஆராய்ச்சி சாமானை மிருக ஆஸ்பத்திரியிலயா?"

"கையெழுத்து இல்லாம வாங்கணும்னா வேற எங்கே போவாங்க?"

அவன் காரை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு மிருக ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டான். தன் நாய்க்குட்டிக்குப் பார்வோ வைரஸ் வந்து வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறது, இன்டர்ஃபெரான் ஊசி கிடைக்குமா என்று தழுதழுத்தான். பெரும்பாலானவர்கள் சலைன் ஏற்றலாம் என்றார்கள். கடைசியாக ஒருவர், இருக்கிறது, நாயின் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேர் கேக்கறாங்க அண்ணி."

"எதையாவது சொல்லு."

அவன் தன் அண்ணனின் பெயரைச் சொன்னான். வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரியின் முன்னறையில் நாலைந்து பேர் கூண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மிருக வைத்தியர் ஆஜானுபாகுவான ஆள். முழங்கை வரைக்கும் பூனை பிறாண்டிய தழும்புகள். நாய் எங்கே என்றார். நாய் இல்லை என்றார் வக்கீலம்மா, தான் யாரென்பதையும் சொன்னார்.

வைத்தியர் நாற்காலியில் சாய்ந்தார். "நீங்களும் நாயில்லாம வந்துட்டீங்களா?"

"எங்களுக்கு முன்னாடி யார் வந்தாங்க?"

"ஒரு அம்மா. பேர் தெரியாது, மாஸ்க்கோடதான் வருவாங்க. குட்டிக்குப் பார்வோன்னாங்க. அந்த ஊசி பூனையோட இன்டர்ஃபெரான். நாய்க்கும் வேலை செய்யும்."

"பூனை சொன்னா நாய் கேக்கும், மனுஷன் சொன்னா கேக்காது," என்றான் கொழுந்தன். "எங்க தெரு நாய்ங்களும் அப்படித்தான்."

"குட்டியைத் தூக்கிட்டு வாங்கன்னேன். ரொம்பத் துவண்டு கிடக்கு, தூக்க முடியலைன்னாங்க. பாவமா இருந்துச்சு, குடுத்துட்டேன். அடுத்த வாரம் வந்தாங்க. அதுக்கு அடுத்த வாரமும். பார்வோன்னா ஒரு வாரத்துல தெரிஞ்சுடும் மேடம். ஒண்ணு பிழைக்கும், இல்லைன்னா போயிடும். இந்தக் குட்டி ஒரு மாசமா பிழைக்கவும் இல்லை, சாகவும் இல்லை. அப்பவே எனக்கு உறுத்துச்சு."

"வேற ஏதாவது உறுத்துச்சா?"

வைத்தியர் யோசித்தார். "மருந்து பொடியா வரும். தண்ணி சேர்த்துக் கரைக்கணும். எப்படின்னு ஒரு தடவை காட்டினேன். நாய் வளர்க்கறவங்க கையில குடுத்தா இருமல் மருந்து பாட்டில் மாதிரி குலுக்குவாங்க. அவங்க குலுக்கலை. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, மெதுவா ஒரு சுழட்டுச் சுழட்டினாங்க. எனக்கே சொல்லித் தருவாங்க போல இருந்துச்சு."

கொழுந்தன் வக்கீலம்மாவைப் பார்த்தான். காலையில் குடுவையைச் சுழற்றிய கை இருவர் கண்ணிலும் இருந்தது.

"கார்ல இருக்கேன் அண்ணி," என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.

வக்கீலம்மா எழுந்திருக்கவில்லை. பெயர் கிடைத்துவிட்டது. காரணம் வேண்டாம் என்று சொன்ன மனிதரின் முகம்தான் அவரை எழவிடாமல் உட்கார்த்தி வைத்திருந்தது. கோர்ட்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். வயிறு எரிந்து வருகிறவன் முதலில் கேட்பதே 'ஏன் இப்படிப் பண்ணினான்' என்றுதான். அதைக் கேட்காதவனுக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

"அந்தம்மா உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா டாக்டர்? மருந்தைத் தவிர."

"கேட்டாங்களே. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. இந்தப் பக்கத்துல பூனைங்க ஏதாவது இருமி இருமிச் சாகுதா, கோழி வளர்க்கற வீடுகள்ல ஏதாவது சாவு உண்டான்னு. இல்லைன்னு சொன்னா அப்படியே உடம்பு தளர்ந்து நாற்காலியில உக்காந்துடுவாங்க. நாய்க்குட்டிக்காக வந்தவங்க கேக்கற கேள்வியா இது?"

வக்கீலம்மா எழுந்துகொண்டார். கெடுக்க நினைக்கிறவள் வாராவாரம் வந்து ஊர்ப் பூனைகளின் நலம் விசாரிப்பாளா? அவள் எதையோ தடுக்கிறாள். தடுத்தது மீறி வெளியே வந்துவிட்டதா என்று பயந்து பார்க்கிறாள்.

வெளியே வந்தபோது கொழுந்தன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டேன் அண்ணி."

"என்ன சொன்னே? யார்கிட்ட?"

"இயக்குநர்கிட்ட. பேர் கிடைச்சதும் உடனே கூப்பிடுங்கன்னாரே."

வக்கீலம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் செஞ்சாங்கன்னு கேட்டாரா?"

"கேக்கலை. இன்னைக்கு அரை நாள் லீவுல போயிட்டாங்க, வீடு எனக்குத் தெரியும்னு மட்டும் சொன்னார். ரொம்ப நன்றின்னார்." சொல்லச் சொல்லவே அவன் குரல் இறங்கியது. "தப்புப் பண்ணிட்டேனா?"

"வண்டியை எடு தம்பி. அவருக்கு முன்னாடி நாம போகணும்."

*

ஆய்வகக் காவலாளியிடம் ஃபோனில் விலாசம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். செல்லம்மாவின் வீடு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருந்தது. பிற்பகல் வெயில் மாடிப்படிகளில் விழுந்து கிடந்தது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்து, அந்த இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"நாய் எப்படி இருக்கு?" என்றார் வக்கீலம்மா.

கதவு மூடவில்லை. திறக்கவும் இல்லை.

"எங்க மேல தப்பு. இயக்குநருக்கு உங்க பேர் போயிடுச்சு. வந்துக்கிட்டிருக்கார். அதுக்குள்ள எனக்குக் காரணம் தெரிஞ்சாகணும்."

சங்கிலி விலகியது. நாய் குரைக்கவில்லை, நாய் வாசமும் இல்லை. கூடத்தில் ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேஜை, மேஜைமேல் பாதி மடித்து அப்படியே விட்ட துணிகள். ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்தன. செல்லம்மா அவர்களை ஒரு மூலையில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் எதிர் மூலைக்குப் போனார்.

"தடுப்பூசிக்கு வளர்க்கறது பழக்கின வைரஸா இருக்கணும்," என்றார். அவருடைய முன்கோபம் இப்போதுதான் வெளியே வந்தது. "கோழி, பூனை, மனுஷன்னு எல்லாத்தையும் கொல்ற வைரஸை அப்படியே வளர்க்கக் கூடாது. அதோட பல்லைப் பிடுங்கி, அப்புறம்தான் வளர்க்கணும். பிடுங்க நாளாகும். எங்களுக்கு அனுப்பின குப்பியில பழக்கினதுன்னுதான் எழுதியிருந்துச்சு. நம்பிட்டோம்."

"எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"பழக்கின வைரஸை மனுஷ நுரையீரல் செல்லுல போட்டா, செல் கத்திக் கூப்பாடு போடும். இன்டர்ஃபெரான் அப்படிக் கொட்டும். அளந்து பார்க்கலாம். நான் வழக்கமா ஒரு சோதனை பண்ணுவேன், அதுல இதைப் போட்டேன். ஒண்ணுமே வரலை. செல் எல்லாம் செத்துக்கிட்டிருக்கு, ஒண்ணுகூடக் கத்தலை. இந்த வைரஸ் உள்ளே போனதும் முதல்ல வாயைப் பொத்துது. அப்புறம்தான் கொல்லுது. பக்கத்துல இருக்கறதுக்கு ஆபத்து வந்ததே தெரியாது."

கொழுந்தன் திறந்திருந்த ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"இயக்குநர்கிட்ட போய்க் காட்டினேன். பார்த்தார். நீங்க அளந்தது தப்புன்னார். மூணு தடவை அளந்தேன்னேன். எல்லாரையும் முந்திக்கிட்டு நம்ம தடுப்பூசி வரணும், குழப்பாதீங்கன்னார். அப்பத்தான் புரிஞ்சுது, அவருக்குத் தெரிஞ்சேதான் வந்திருக்கு. நோயாளிகிட்டேருந்து எடுத்ததை அப்படியே குப்பியில அடைச்சு, லேபிள் மட்டும் மாத்தியிருக்கார். அந்த மாதிரி வைரஸுக்கு ஏத்த அறையே இல்லை எங்களுது. நெட்டையன் அதுல ரெண்டு வாரம் வேலை பார்த்தான்."

"சாதாரணக் காய்ச்சல்னு சொன்னாங்களே."

"ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க, அவங்களுக்கு எந்த வைரஸ்னு தெரியாதே."

"சுகாதாரத் துறையில சொல்லியிருக்கலாம்."

"சுகாதாரத் துறைக்கு ஃப்ளூ விஷயத்துல ஆலோசனை சொல்றதே அவர்தான் மேடம். ரெண்டு தடவை எழுதினேன். ரெண்டும் அவர் மேஜைக்கே திரும்பி வந்துச்சு, யார் எழுதினதுன்னு பேர் போடாததால நான் தப்பிச்சேன். அதுக்கப்புறம் எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வைரஸை நான் கொல்ல முடியாது, குப்பியெல்லாம் அவர் பூட்டுல இருக்கு. ஆனா அது வளர்றது என் செல்லுலதானே. செல்லுக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சேன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத காலடி. இரண்டு படி ஏறி நின்று, மறுபடி இரண்டு படி. வக்கீலம்மா கொழுந்தனைப் பார்த்தார். அவன் எழுந்து கதவருகே போய் நின்றான்.

இயக்குநர் கதவைத் தட்டவில்லை. திறந்தே இருந்த கதவின் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"துப்பறியறவங்க எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க. வேலை முடிஞ்சுதே, இன்னும் என்ன?"

"வேலையை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்," என்றார் வக்கீலம்மா.

இயக்குநர் செல்லம்மாவிடம் திரும்பினார். "உங்களை நான் ஒண்ணும் பண்ணப் போறதில்லை. நாளைக்கு ராஜினாமா எழுதிக் குடுங்க, கெடுத்தது நான்தான்னு அதுல ஒரு வரி இருக்கட்டும், போதும். நீங்க பட்ட பாடெல்லாம் வீண்னு சொல்லத்தான் நேர்ல வந்தேன். நாய் செல்லுக்குத்தானே நீங்க காவல்? நான் குரங்கு செல்லுல வளர்த்துட்டேன். அந்த செல்லுக்குக் கூப்பாடு போடவே தெரியாது, உங்க பூனை மருந்தும் அதுக்குப் புரியாது. அருமையா வளர்ந்திருக்கு. பெரிய தொழிற்சாலைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எங்கே வெச்சு வளர்த்தீங்க?" என்று செல்லம்மா கேட்டார்.

"என் அறையிலதான். அங்கேதான் யாரும் கை வைக்க மாட்டாங்க."

"காற்றை இழுத்து வடிகட்டற பெட்டி உங்க அறையில கிடையாது."

"ஜாக்கிரதையாத்தான் பண்ணினேன்."

அவர் இருமினார். ஒரே ஒரு இருமல், வறண்டது. நிலையில் ஊன்றிய கையை எடுக்காமல், மறுகையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் நெற்றி பளபளத்தது. மூன்று மாடி ஏறியவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனால் வந்து இவ்வளவு நேரமாகியும் அவருக்கு மூச்சு அடங்கவில்லை என்பதை வக்கீலம்மா அப்போதுதான் கவனித்தார்.

செல்லம்மா சுவர்வரை பின்னுக்குப் போனார். "எப்பலேருந்து காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்லை. ஏசி ஒத்துக்கலை."

"நெட்டையனும் ஏசின்னுதான் சொன்னான்."

கீழே தெருவில் பந்து விளையாடும் குழந்தைகளின் சத்தம் திறந்த ஜன்னல் வழியாக வந்தது.

"வளர்த்தது இப்ப எங்கே இருக்கு?" என்றார் வக்கீலம்மா.

இயக்குநரின் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. கொழுந்தன் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். கட்டடத்தின் கீழே வெள்ளைக் கார் ஒன்று நின்றது. பின்சீட்டில் நீல நிற ஐஸ்பெட்டி. காரைச் சுற்றித்தான் பந்து உருண்டுகொண்டிருந்தது.

செல்லம்மா அலமாரியிலிருந்து மாஸ்க்குகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் எறிந்தார். கொழுந்தன் அதைக் காதில் மாட்டிக்கொண்டே, இயக்குநரைத் தொடாமல் பக்கவாட்டில் நழுவிப் படியிறங்கினான். சற்று நேரத்தில் கீழிருந்து அவன் குரல் நிதானமாகக் கேட்டது.

"கார்க்குள்ள பாம்பு இருக்கு. நல்ல பெரிசு. எல்லாரும் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க. பந்தை அப்புறம் எடுத்துக்கலாம்."

தெரு காலியாகிவிட்டது.

"அவனை விலகி வரச் சொல்லுங்க," என்றார் இயக்குநர். திரும்பிப் போக ஒரு அடி வைத்தார். முழங்கால் மடங்கியது. நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வக்கீலம்மா அவரைத் தடுக்கவில்லை. தன் ஃபோனை எடுத்து, செல்லம்மா சொன்ன தொற்றுநோய் ஆஸ்பத்திரியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் பண்ணி, தரையில் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"பேசுங்க சார். ஆம்புலன்ஸ் கேளுங்க. என்ன காய்ச்சல்னு டாக்டர் கேப்பாரு. சாதாரணக் காய்ச்சல்னும் சொல்லலாம், உங்க இஷ்டம். சாதாரண வைத்தியம் கிடைக்கும். நெட்டையனுக்குக் கிடைச்சதே, அது."

இயக்குநர் ஃபோனைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டது. அவர் வக்கீலம்மாவை ஒரு பார்வை பார்த்தார். வழக்கு முடிந்து தீர்ப்பு வாசித்த பிறகு குற்றவாளிக் கூண்டிலிருந்து வருகிற பார்வை அது. வக்கீலம்மாவுக்கு அது பழக்கம்தான்.

"டாக்டர்," என்றார் இயக்குநர். முதலில் தன் பெயரைச் சொன்னார். எதிர்முனையில் உடனே மரியாதை கூடியது. சுகாதாரத் துறையில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை. பிறகு வைரஸின் வகையைச் சொன்னார். எந்த நோயாளியிடமிருந்து எடுத்தது, லேபிளை எப்போது மாற்றினார், எதில் வளர்த்தார், எங்கே வைத்து வளர்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மருத்துவரின் கேள்விகள் குறுகிக்கொண்டே போயின. ஓரிடத்தில் இயக்குநர் குப்பியில் வந்த வைரஸின் அளவைத் தப்பாகச் சொன்னபோது, செல்லம்மா எதிர் மூலையிலிருந்து திருத்தினார். இயக்குநர் திருத்திய எண்ணையே திரும்பச் சொன்னார்.

"எல்லாரும் இருக்கற இடத்துலயே இருங்க," என்றது ஃபோன். "ஆளுங்க கிளம்பிட்டாங்க. கார்ப் பக்கம் யாரும் போக வேண்டாம். சார், காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து சாயங்காலம்."

"அதுக்கப்புறம் யார் யாரைப் பார்த்தீங்க? ஒருத்தர் விடாம சொல்லுங்க."

இயக்குநர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நேத்து வீட்டுக்கு வர்றப்ப டிரைவர். ராத்திரி வீட்டுல என் சம்சாரம், மருமகள். காலையில இவங்க ரெண்டு பேர், ஆபீஸ் ஆளுங்க. மத்தியானம் ஒரு கூட்டம், துறைக்காரங்க வந்திருந்தாங்க. எல்லாருக்கும் கை குடுத்தேன். லிஃப்ட்ல நாலஞ்சு பேர்."

வக்கீலம்மாவின் கை தானாகத் தன் மாஸ்க்கை அழுத்திப் பார்த்துக்கொண்டது. காலையில் அந்த அறையில் எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். கொழுந்தன்தான் நெருங்கி நின்றான்.

"வேற யாரு சார்?"

இயக்குநரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா? வேற யாரு?"

"பேத்தி," என்றார். உயராத அந்தக் குரல் இப்போது உடைந்தது. "காலையில நான்தான் கொண்டு போய் விட்டேன். கன்னத்துல முத்தம் குடுத்துட்டுத்தான் உள்ளே போவா. அவ வகுப்புல நிறையப் பசங்க."

"எந்த ஸ்கூல்?" என்று வக்கீலம்மா கேட்டார்.

அவர் சொன்னார். செல்லம்மா அதற்குள் தன் ஃபோனை எடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தின் எண்ணைத் தேடிப் போட்டார். பள்ளி விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் ஃபோன் மணி அடிக்கத் தொடங்கியது. யாரும் எடுக்கவில்லை. செல்லம்மா துண்டித்துவிட்டு மறுபடி போட்டார்.